பின்காற்றும் நின்ற கல்யாணமும்

மல்லிகாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பயந்துவிடாதே. அம்மா நன்றாக இருக்கிறாள். நானும் நன்றாக இருக்கிறேன். இந்த நான்கு நாளாக ரொம்பவே நன்றாக இருக்கிறேன், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நம் வீட்டில் கடிதம் எழுதுவது எப்போதும் அம்மாவின் வேலை. அவள் மூன்று பக்கம் எழுதி நீட்டினால், ஓரத்தில் மிச்சமிருக்கும் இடத்தில் ‘உடம்பைப் பார்த்துக்கொள், அப்பா’ என்று கிறுக்கிவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிடுவேன். கடற்படையில் இருந்த வருஷங்களில்கூட உனக்கென்று தனியாக ஒரு வரி எழுதியவனில்லை. அந்தப் பாக்கியெல்லாம் சேர்ந்து இது நீளமாகத்தான் போகும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டியூட்டிக்கு நடுவே படிக்காதே. ஹாஸ்டலுக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்து படி.

நீ வேலூருக்குப் பஸ் ஏறிய காலையில் உன்னை வழியனுப்ப நான் வரவில்லை. அம்மா மட்டும்தான் வந்தாள். உன் பஸ் வேங்கிக்கால் பக்கம் திரும்புவதற்கு முன்னால் நம் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தாய் என்று அம்மா பிறகு சொன்னாள். பஸ் சத்தம் கேட்டது. நான் தலையை நிமிர்த்தாமல் ஒரு பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். சுற்று எண்ணிக்கை தப்பிப்போய், அவ்வளவையும் அவிழ்த்து மறுபடி முதலிலிருந்து சுற்ற வேண்டியதாயிற்று. நான் உன்னோடு பேசாமல் இருந்த அந்த மூன்று வாரமும் என் வேலை இந்த லட்சணத்தில்தான் நடந்தது.

நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். ஆனாலும் என் வாயால் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதுவரை நான் அதை நடந்தது நடந்தபடி யாரிடமும் சொல்லவில்லை. ஆரணி மாப்பிள்ளை. நல்ல உத்தியோகம், சொந்த வீடு, ஒரே பிள்ளை. நிச்சயதார்த்தம் முடிந்தது. பத்திரிகை அடித்தாயிற்று. நானும் அம்மாவும் குங்குமச் சிமிழைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் அழைத்தோம். வாசலில் பந்தக்கால் நட்டு மஞ்சள் தடவியாயிற்று. அதற்கு மறுநாள் காலை நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது நீ வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

“அப்பா, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்ப்பா.”

“இன்னா விளையாடறியா? பந்தக்கால் நட்டாச்சு.”

“அதான் இப்பவே சொல்றேன். இன்னும் பத்து நாள் போனா சொல்ல முடியாது.”

“பாதி மலை சுத்தினப்புறம் எவனாவது வந்த வழியே திரும்பி வருவானா? நடந்தா முடிஞ்சிடும். நடம்மா.”

இதுதான் நான் சொன்னது. ஏன் வேண்டாம் என்கிறாய் என்று நான் கேட்கவில்லை. நீ அதைக் கவனித்திருப்பாய். கேட்டால் நீ பதில் சொல்லிவிடுவாய் என்று எனக்குப் பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். மறுநாள் நீயும் அம்மாவுமாக ஆரணிக்குப் பஸ் ஏறிப்போய், அவர்கள் வீட்டுக் கூடத்தில் நின்று, நீயே உன் வாயால் சொல்லிவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பி வந்தீர்கள். நான் உங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டேன். அதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை.

எனக்குள் இருந்தது கோபம் என்று நீ நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். போன வெள்ளிக்கிழமை, அதாவது உன் முகூர்த்த நாள், நான் வேண்டுமென்றே சீக்கிரமே கடைக்குப் போய்விட்டேன். ஒன்பதிலிருந்து பத்தரை வரை நல்ல நேரம் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. ஒரு விவசாயி புகைந்துபோன மோட்டாரை மாட்டுவண்டியில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பயிர் காய்கிறது, இன்றைக்கே வேண்டும் என்று அவர் பிடிவாதம். அவரோடு பேசிக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தேன். பத்தரை ஆயிற்று. பத்தே முக்கால் ஆயிற்று. எனக்குத் திடீரென்று பசித்தது. எதிரே டீக்கடைக்குப் போய் நின்றபடியே மூன்று வடை தின்றேன். “இன்னா மேஸ்திரி, இன்னைக்கு ஜாஸ்தியா எறங்குது,” என்றார் கடைக்காரர். “கம்மியா கீது, இன்னும் ரெண்டு குடுங்க,” என்றேன். அந்த விவசாயி சிரித்தார், நானும் சிரித்தேன். சிரித்த பிறகுதான் கவனித்தேன், இரண்டு மாதமாக நான் ஒரு வாய் சோற்றை ருசித்துத் தின்னவில்லை என்று. நெஞ்சுக்குள் ஏதோ ஒரு போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கி வைத்திருந்த மாதிரி இருந்தது, அது கழன்றுவிட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது, மல்லிகா. மகளின் கல்யாணம் நின்றுபோன நாளில் ஒரு அப்பனுக்கு இருக்கக் கூடாத அளவு நிம்மதி.

சாயங்காலம் வெயில் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தேன். பந்தக்கால் அப்படியே நின்றது. அதைப் பிடுங்க யாருக்கும் கை வரவில்லை. அம்மா அதைச் சுற்றிக்கொண்டு கோலம் போட்டு வந்தாள். நான் மூங்கிலை இரண்டு பக்கமும் ஆட்டிப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் குழியை மண் தள்ளி மூடினேன். அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அதன்மேல் ஊற்றி மிதித்துவிட்டாள்.

“நிம்மதியா கீதுடி,” என்றேன்.

“எனக்கு அது ஆரணியிலேந்து திரும்பற பஸ்ஸுலயே வந்துடுச்சு. உங்களுக்கு இப்பதான் வண்டி வந்து சேருது,” என்றாள்.

அவளிடம் அப்போதுதான் ஒரு விஷயத்தைச் சொன்னேன். பதினோரு வருஷமாக அவளிடமும் உன்னிடமும் மறைத்து வைத்தது. உனக்கும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் உன்னிடம் ‘நடம்மா’ என்று சொன்னது எவ்வளவு பெரிய அக்கிரமம் என்பது உனக்கு முழுசாகத் தெரியாது.

உனக்குப் பதினோரு வயதிருக்கும்போது நான் பம்பாயிலிருந்து கொச்சி வரைக்கும் பாய்ப்படகுப் பந்தயத்தில் போனேன், நினைவிருக்கிறதா? பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டாய் என்று அம்மா எழுதியிருந்தாள். நான் ஒன்றும் பெரிய படகோட்டியில்லை. கிணற்றில் நீச்சல் கற்றவன், கடற்படையில் எலக்ட்ரீஷியன். அந்தப் படகில் விளக்குக்கும் ரேடியோவுக்கும் ஒரு ஆள் வேண்டியிருந்தது. இருந்த ஆளுக்கு மஞ்சள் காமாலை. என்னைப் பிடித்துப் போட்டார்கள். ஆறு பேர் போகும் படகில் விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டு ஒருவன் சும்மா உட்கார முடியாது. அதனால் மூன்று வாரம் துறைமுகத்துக்கு வெளியே தினமும் பழக்கினார்கள். படகின் தலைவர் ஒரு கோவாக்கார அதிகாரி, குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. என்னோடு முன்பக்கம் வேலை செய்தவன் பாஸ்கரன், கண்ணூர்க்காரன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான்.

தை மாதத்தில் அந்தக் கரையோரம் வடமேற்கிலிருந்து காற்று வரும். தெற்கே கொச்சிக்குப் போகும் படகுக்கு அது பின்காற்று. அதனால் எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததில் முக்கால்வாசி பின்காற்றில் போவதுதான். முதல் நாள் காற்றுக்கு எதிராகப் போனோம். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, முகத்தில் உப்புத்தண்ணீர் அடித்து, நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் குடல் வெளியே வந்துவிட்டது. பிறகு தலைவர் படகைத் திருப்பினார். அவ்வளவுதான், சத்தமே அடங்கிவிட்டது. படகு நிமிர்ந்துவிட்டது. காற்றே இல்லாத மாதிரி இருந்தது. முதுகில் வெயில் இதமாக விழுந்தது, சட்டை உலர ஆரம்பித்தது. “இப்பதான் சார் நல்லா இருக்குது,” என்றேன். “இப்போதுதான் நீ பயப்பட வேண்டும்,” என்றார் அவர். காற்று குறையவில்லை; அதன் கூடவே நாமும் ஓடுகிறோம், அதனால் தெரியவில்லை, வேகம் எவ்வளவு என்று பார்க்க வேண்டுமானால் படகை ஒரு தடவை திருப்புகிறேன், முகத்தைக் காட்டு என்றார். காட்டினேன். கண்ணைத் திறக்க முடியவில்லை.

பின்காற்றில் பெரிய பாயை ஒரு பக்கமாக முழுக்க விரித்துவிடுவார்கள். அதன் அடியில் கட்டியிருக்கும் நீளமான கட்டைக்குப் பூம் என்று பெயர். சுக்கான் பிடிக்கிறவன் கொஞ்சம் அசந்து, காற்று பாயின் மறுபக்கத்துக்குப் போய்விட்டால், அந்தக் கட்டை படகின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரே வீச்சாக வரும். தலை இருந்தால் தலை போகும். அதற்காகச் சுக்கானில் நிற்கிறவன் காதால் காற்றைக் கேட்க வேண்டும். ஒரு காதில் கொஞ்சம் அதிகமாகவும் இன்னொன்றில் கொஞ்சம் குறைவாகவும் காற்று பட்டால் சரி. இரண்டு காதிலும் ஒரே அளவு பட்டால் ஆபத்து பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு இது சீக்கிரம் பிடிபட்டது. நம் களத்தில் நின்று நெல் தூற்றிய காதுதானே. இரண்டாவது வாரமே சுக்கானைக் கொடுத்துப் பார்த்தார், பரவாயில்லை என்றார். அவர் வாயிலிருந்து பரவாயில்லை வருவது ஊரில் மாலை போடுவதற்குச் சமம்.

எனக்குப் பிடிபடாதது வேறொன்று. என் வேலை பாய்மரத்தடியில். முன்னால் உப்பிக்கொண்டு நிற்குமே பலூன் மாதிரி ஒரு பெரிய பாய், அதைத் தாங்கும் கழியை இடமும் வலமும் மாற்றிப் போட வேண்டும். மரத்தின் அந்தப் பக்கம் போய் வேலையை முடித்து, போன வழியே திரும்பி வர வேண்டும். நான் திரும்ப மாட்டேன். மரத்தை வலது கைப்பக்கம் விட்டு முழுசாகச் சுற்றி வந்துவிடுவேன். யோசித்துச் செய்வதில்லை, கால் தானாகப் போகும். பிறந்ததிலிருந்து மலையையும் கோயிலையும் குளத்தையும் அப்படியே சுற்றி வந்த கால். கையில் கயிறு இருந்தால் அந்தக் கயிறு மரத்தைச் சுற்றிக்கொள்ளும். ஒரு நாளைக்கு நாலு தடவை சிக்கு எடுக்க வேண்டியிருந்தது. “எடோ, மரத்துக்குப் பிரதட்சணமா? அர்ச்சனைத் தட்டு எங்கே?” என்று பாஸ்கரன் சிரிப்பான். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. “இந்தப் பழக்கத்தைப் பம்பாயிலேயே விட்டுவிட்டு வா,” என்றார். விட்டுவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டு கிளம்பினேன்.

மூன்றாம் நாள் பிற்பகல். நல்ல காற்று, எங்களுக்கு முன்னால் ஒரே ஒரு படகு. அன்றைக்குள் அதைத் தாண்டிவிடுவோம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, படகே சிரித்துக்கொண்டு போன மாதிரி இருந்தது. கழியை மாற்றச் சொன்னார்கள். இடுப்புப் பட்டையில் ஒரு வாரும் கொக்கியும் இருக்கும். முன்னால் போகும்போது கொக்கியைப் படகில் மாட்டிக்கொள்ள வேண்டும், விழுந்தாலும் வார் பிடித்துக்கொள்ளும். மாட்டினேன். வேலையை முடித்தேன். காலுக்கு என்ன தோன்றியதோ, மரத்தை வலம் வந்துவிட்டேன். வார் மரத்தைச் சுற்றிக்கொண்டு என்னை இழுத்து நிறுத்தியது. நாலடி, மல்லிகா. வந்த வழியே நாலடி பின்னால் போயிருந்தால் வார் தளர்ந்திருக்கும். எனக்கு அது தோன்றவில்லை. முக்கால் சுற்று வந்தாயிற்று, இனி எதற்குத் திரும்புவது என்று கொக்கியைக் கழற்றினேன், இந்தப் பக்கம் மாட்டிக்கொள்ளலாம் என்று. கொக்கி கையில் இருக்கும்போதே படகு ஒரு உருட்டு உருண்டது. பூம் மறுபக்கம் பாய்ந்தது. கட்டை என்மேல் படவில்லை, அதன் கயிறுதான் தோளில் அடித்தது. அடுத்தது தண்ணீர்.

மேலே வந்து பார்த்தால் படகின் பின்பக்கம் தெரிந்தது. சிவப்பும் வெள்ளையுமாக அந்தப் பலூன் பாய் நிறைந்து நின்றது, அவ்வளவு அழகாகப் போய்க்கொண்டிருந்தது. மிதவை வளையத்தை எறிந்திருந்தார்கள்; நீந்திப் போய் அதைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீரில் நின்று பார்க்கும்போதுதான் அது எப்பேர்ப்பட்ட காற்று என்று தெரிந்தது. படகில் நிற்கும்போது காதில் மெதுவாகப் பட்டதே, அதேதான். அலைநுனியைக் கிள்ளிக் கிள்ளி என் முகத்தில் எறிந்தது. அலை தூக்கினால் படகு தெரியும், இறக்கினால் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு தூக்கலுக்கும் அது சின்னதாகிக்கொண்டே போயிற்று. உன் முகத்தை நினைத்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் நான் நினைத்தது அந்த நாலடியைத்தான்.

பலூன் பாய் இறங்கியது. படகு திரும்பியது. காற்றுக்கு நேர் எதிராகப் பாய்ப்படகு வர முடியாது என்று உனக்குத் தெரியாதில்லையா. குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து சாய்ந்துதான் ஏறி வர வேண்டும். எனக்கு அது தெரியும். தெரிந்தும், அது என்னை விட்டு விலகிப் போகிற ஒவ்வொரு தடவையும், போய்விட்டார்கள் என்றே நினைத்தேன். ஒன்றே ஒன்றுதான் மாறாமல் தெரிந்தது. மரத்தடியில் ஒரு ஆள் கையை நீட்டிக்கொண்டு நின்றான். படகு எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தக் கை மட்டும் என்னையே காட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஆள் விழுந்தால் இன்னொருவன் அவன்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் கைகாட்டிக்கொண்டே நிற்க வேண்டும், வேறு எந்த வேலையும் அவனுக்குக் கிடையாது. அலைக்கு நடுவில் ஒரு தலையைத் தவறவிட்டால் பிறகு கிடைக்காது. பாஸ்கரன் அப்படி நின்றான். அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு என்று பிறகு சொன்னார்கள். என்னைத் தூக்கிப் போட்ட பிறகும் அவனுக்கு முழங்கை மடங்கவில்லை. அன்று இடது கையால் சாப்பிட்டான், அதற்காக என்னைத் திட்டிக்கொண்டே.

எனக்குப் பல் கிட்டிப்போயிருந்தது. எங்களைத் தாண்டி இரண்டு படகுகள் போய்விட்டன, அதை நான் பார்த்தேன். “சார், பந்தயம் போச்சு,” என்றேன். “ஆள் நீ இருக்கிறாய். டீயைக் குடி,” என்றார் தலைவர். கொச்சிக்குக் கடைசியாகப் போய்ச் சேர்ந்தோம். கரையில் கேட்டவர்களிடம் அவர், நாங்கள் திரும்பினோம் என்று மட்டும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வெட்கமே இல்லை. எனக்குத்தான் இருந்தது. லீவில் ஊருக்கு வந்ததும் பாய் கிழிந்துவிட்டது, அதனால் தோற்றோம் என்று அம்மாவிடம் சொன்னேன், உன்னிடமும் சொன்னேன். நீ பள்ளிக்கூடத்தில் போய் அதையே சொன்னாய்.

அம்மா எல்லாவற்றையும் குழிமேல் நின்றபடியே கேட்டாள். பிறகு, “நீங்க நல்லபடியா கரை சேரணும்னு அந்த மாசம் பௌர்ணமிக்கு நான் மலை சுத்தினேன். கிழிஞ்ச பாய்க்காகவா சுத்தினேன்?” என்றாள். கொஞ்ச நேரம் உள்ளே போய்ப் பாத்திரத்தை உருட்டினாள். காபியோடு வெளியே வந்து, “கை காட்டினாரே, அவருக்கு எப்பவாச்சும் லெட்டர் போட்டீங்களா?” என்று கேட்டாள். போட்டதில்லை. இந்தக் கடிதத்தை முடித்ததும் அடுத்தது அவனுக்குத்தான்.

இப்போது அந்தப் பயத்துக்கு வருகிறேன். முகூர்த்தப் புடவை எடுக்க ஆரணிக்குப் போனோமே, அன்று எல்லோரும் புடவைக் கடைப் பாயில் உட்கார்ந்திருந்தோம். நீ ஒரு மயில்கழுத்து நிறப் புடவையை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தாய். உன் முகம் மலர்ந்தது. மாப்பிள்ளைப் பையன் அதை உன் மடியிலிருந்து எடுத்து அப்பால் வைத்தான். நீ மறுபடி கை நீட்டினாய். விரித்துக் கிடந்த புடவைக்கு அடியில் அவன் உன் மணிக்கட்டைப் பிடித்தான். மற்றவர்களுக்குத் தெரியாது, நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தெரிந்தது. இரண்டு கண்ணாடி வளையல் உடைந்தது. நீ வலியை முகத்தில் காட்டாமல் எதிரே இருந்த என்னை நிமிர்ந்து பார்த்தாய். நான் ஒரு புடவையின் ஜரிகையைக் கையில் எடுத்து, எத்தனை விரற்கடை என்று கடைக்காரரிடம் கேட்டேன். வீட்டுக்கு வந்து, பஸ் கதவில் இடித்துக்கொண்டேன் என்று அம்மாவிடம் நீ சொன்னதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

நான் கெட்டவனாக அதைச் செய்யவில்லை, அதுதான் இதில் மோசம். எல்லாம் அவ்வளவு நன்றாகக் கூடி வந்துகொண்டிருந்தது. மண்டபம் கேட்ட நாளில் கிடைத்தது, சமையல்காரர் கேட்ட நாளில் கிடைத்தார், பத்து வருஷமாகப் பேசாத சொந்தக்காரர்கள்கூட வீடு தேடி வந்தார்கள். யாரும் யாரோடும் மல்லுக்கு நிற்கவில்லை. முதுகில் இதமான வெயில், சட்டை உலர்ந்துகொண்டிருந்தது. அம்மா மட்டும்தான் உன்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. “பொண்ணு முகத்தப் பாருங்க, ரெண்டு கவளத்துக்கு மேல எறங்க மாட்டேங்குது,” என்று தினமும் என்னிடம் காட்டிக்கொண்டே இருந்தாள். கல்யாணப் பெண்ணுக்கு அப்படித்தான் இருக்கும் என்றேன். காற்று எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரிந்தது நீ திரும்பிய பிறகுதான். ஊரார் வாயிலிருந்து அது நேராக உன் முகத்தில் அடித்தது. நீ அதற்கு எதிராகவே ஆரணி வரைக்கும் போய்விட்டு வந்தாய். அந்த வயதில் எனக்கு அது முடிந்திருக்காது. இந்த வயதிலும் முடியவில்லை.

அப்பன் கடிதம் எழுதினால் புத்திமதி இல்லாமல் இருக்கக் கூடாதாம். அம்மா இப்போதுதான் எட்டிப்பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். காரியம் எதுவும் தடங்கலே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால், ஒரு தடவை நின்று திரும்பி முகத்தைக் காட்டிப் பார். அது வேலையானாலும் சரி, சிநேகிதமானாலும் சரி, நாளைக்கு நீயே பார்த்துத் தேர்ந்தெடுக்கிற இன்னொரு கல்யாணமானாலும் சரி. எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று கணக்குப் பார்க்காதே; கடைசி நிமிஷத்தில்கூட நாலடி பின்னால் போக இடம் இருக்கும். உன்மேல் கண் வைத்திருக்கிற ஒரு ஆளை எப்போதும் பக்கத்தில் வைத்துக்கொள். ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்கவில்லை என்று அம்மாவுக்கு எழுதினாயாம். பிடிக்காவிட்டாலும் சாப்பிடு.

இன்னும் ஒன்று பாக்கி. இதை எழுதத்தான் கை கூசுகிறது. பத்து நாளைக்கு முன்னால் உன் பெரிய மாமா கடைக்கு வந்தார். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள்.

“மாப்ள, ஊர்ல பொண்ணேதான் நிறுத்திடுச்சுன்னு பேசிக்கறாங்க. காது குடுத்துக் கேக்க முடியல. நெசமா?”

“நான்தான் மச்சான் நிறுத்தினேன். பையன் சரியில்லைனு தெரிஞ்சுது.”

“அப்பன்னா இப்படி இருக்கணும்,” என்று என் தோளைத் தட்டினார். இருந்தவர்களும் ஆமாம் என்றார்கள். உன்மேல் பழி வரக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது ஒரு பங்குதான். எனக்கு அந்தப் பாராட்டு இனித்தது. அதற்குப் பிறகு இன்னும் மூன்று பேரிடம் நானாகவே வலியப் போய் அதையே சொன்னேன். நீ தனியாகச் செய்ததை எடுத்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கிழிந்த பாய்க் கதையைவிட இது கேவலம்.

நேற்று மாமா வீட்டுக்குப் போய், “நிறுத்துனது நான் இல்ல மச்சான். என் பொண்ணு. நான் வேணாம்னு தடுத்தேன், அவ கேக்கல. நல்லவேளை கேக்கல,” என்றேன். அவர், காபி சாப்பிடுகிறாயா என்றார். அவரிடம் மட்டும் சொன்னது போதாது. பத்திரிகை கொடுத்த எல்லா வீட்டுக்கும் அம்மாவும் நானும் மறுபடி போவதென்று முடிவு செய்திருக்கிறோம். இந்தக் கடிதத்தைக் கையோடு கொண்டுபோகப்போகிறேன். படிக்கத் தெரிந்தவர்கள் படிக்கட்டும், மற்றவர்களுக்கு நானே படித்துக்காட்டுகிறேன்.

ஆனால் இது உன் வாழ்க்கை, அதனால் முதலில் உனக்கு வருகிறது. வெளியே தெரிய வேண்டாம் என்று உனக்குத் தோன்றுகிறதையெல்லாம் பேனாவால் அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பு. உன் மணிக்கட்டைப் பற்றி எழுதியதை அடித்தாலும் சரி. நீ என்னை நிமிர்ந்து பார்த்தபோது நான் ஜரிகையைப் பார்த்தேனே, அதை மட்டும் அடிக்காதே.

அப்பா